கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் மூன்று மிர்ரர் படகுகள்: பந்தயத்தை மறுபடி தொடங்குவது எப்படி?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் ஏரிக்கரையில் உள்ள ஒரு பாய்மரப் படகுக் கிளப். கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிய மூன்று பழைய மிர்ரர் படகுகள், அதாவது இருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகுகள், கிடக்கின்றன. முன்பு ஞாயிறுதோறும் ஒரு கூட்டமே ஓட்டியதாம். அந்த வகுப்புப் பந்தயத்தை, அதாவது ஒரே வகைப் படகுகள் மட்டும் மோதும் பந்தயத்தை, மறுபடி தொடங்க முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

முடியும். முதல் வேலை, இன்றைக்கே அந்தத் தார்ப்பாய்களை எடுத்துவிடுவது. தொய்ந்த தார்ப்பாயில் மழைநீர் குளம் கட்டும், பிறகு ஓரத்தில் வழிந்து படகுக்குள் இறங்கும். உள்ளே காற்றோட்டம் இருக்காது. மரப்படகைக் கடல்நீரைவிட மழைநீர்தான் அதிகம் கெடுக்கும். உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், நன்னீரில் அந்தத் தடை கிடையாது. மூன்று படகுகளையும் கவிழ்த்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இரண்டிரண்டு முட்டுகள் மேல் வையுங்கள். காற்றறைகளின் (படகை மிதக்கவைக்கும் மூடிய அறைகள்) மூடிகள் அத்தனையையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, எந்த மூடி எந்தப் படகுடையது என்று எழுதி வையுங்கள்.

மீதி எல்லாம் அடுத்து. ஆனால் செய்கிற வரிசையைத் தீர்மானிக்கிற ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வகுப்பு ஒன்று கிளப்பில் அழிந்துபோகும்போது "பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று சொல்வார்கள். நடப்பது பெரும்பாலும் வேறு. ஒரு படகு நன்றாகப் பராமரிக்கப்பட்டு முன்னால் ஓடும். மற்றவை தண்ணீர் குடித்துக் கனத்து, பாய் தொய்ந்து, ஒவ்வொரு பந்தயத்திலும் ஐந்து நிமிடம் பின்தங்கி வரும். இரண்டு பருவம் கடைசியில் வந்தவர் மூன்றாம் பருவம் வரமாட்டார். ஆகவே உங்கள் இலக்கு பளபளவென்று ஒரு படகை ஆக்குவதல்ல. ஒன்றுக்கொன்று ஈடான ஐந்து படகுகள் வேண்டும். மூன்று கையில் இருக்கின்றன, இரண்டு தேட வேண்டும். செலவு, நேரம், உழைப்பு மூன்றையும் இந்தக் கணக்கில் பங்கிடுங்கள்.

மிர்ரர் ஏன் இதற்கு ஏற்ற படகு

1963இல் வந்த படகு இது. வடிவமைத்தவர்கள் இருவர்: சிறு படகு வடிவமைப்பில் பேர்பெற்ற ஜாக் ஹோல்ட், பி.பி.சி. தொலைக்காட்சியில் வீட்டு மராமத்து வேலைகளைச் சொல்லிக்கொடுத்த பேரி பக்நெல். டெய்லி மிர்ரர் பத்திரிகை முன்னின்று நடத்தியதால் அந்தப் பெயரும் சிவப்புப் பாயும் வந்தன. பிளைவுட் துண்டுகள் அறுத்துத் தயாராக உள்ள பெட்டியாக வாங்கி, வீட்டுக் கார் கொட்டகையில் கட்டிக்கொள்ளலாம். தொடக்க விலை 63 பவுன் 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. இன்றும் தேடினால் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

நீளம் 3.30 மீட்டர், அகலம் 1.39 மீட்டர். உடலின் குறைந்தபட்ச எடை 45.5 கிலோ, அதாவது நூறு பவுண்டு. இரண்டு பேர் தூக்கிக் காரின் கூரையில் ஏற்றிவிடலாம். அணியம், அதாவது முன்பக்கம், கூராக இல்லாமல் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். பலகைகளை வளைத்து ஒரு கூரில் சேர்ப்பது புதியவருக்குக் கடினமான வேலை என்பதால் அதைத் தவிர்த்தார்கள். பாய்மரமும் குட்டையானதே. அதன்மேல் காஃப் என்ற இன்னொரு கட்டை செங்குத்தாக ஏறிப் பாயின் உச்சியைத் தாங்கும். இந்த ஏற்பாட்டுக்கு கண்டர் என்று பெயர். எல்லாக் கட்டைகளும் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும்.

கட்டுமான முறை தைத்து ஒட்டுவது. 5 மி.மீ. பிளைவுட் பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் முறுக்கித் தைத்து, உள்ளேயும் வெளியேயும் ஃபைபர் கிளாஸ் டேப்பும் ரெசினும் வைத்து ஒட்டுவார்கள். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் தைத்த படகுதான். ஆனால் அங்கே கயிற்றுத் தையலே கடைசிவரை படகைப் பிடித்திருக்கும். மிர்ரரில் கம்பி ஒட்டு காயும்வரைதான் வேலை செய்கிறது, பிறகு பலம் முழுவதும் டேப்பில். இதே தைத்து ஒட்டும் முறை 1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துக்கு வந்து, மீனவர்களுக்கான பிளைவுட் வள்ளங்களாக மாறியது. குமரிக்கரைத் தச்சர் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், கீழே சொல்லும் பாதி வேலை அவருக்குப் பழக்கமானதாகவே இருக்கும்.

இந்த முறையில் கட்டிய படகில் எந்தப் பகுதி கெட்டாலும் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதிது வைக்கலாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் படகில் விரிசல் விழுந்தால் அதைச் சரியாக ஒட்டவைப்பது மிகக் கடினம். பயிற்சிப் பள்ளிகளும் கிளப்புகளும் பராமரிப்பு வேண்டாம் என்று பிளாஸ்டிக் பக்கம் போனதுதான் மிர்ரரின் சரிவுக்கு முக்கியக் காரணம். 2002இல் வந்த ஆர்.எஸ். ஃபெவா என்ற பிளாஸ்டிக் படகு அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. அது நல்ல படகு. ஆனால் பத்து வயதுப் பிள்ளையும் பெற்றோரும் ஒரு குளிர்காலத்தில் சேர்ந்து புதுப்பித்து ஓட்டக்கூடிய பந்தயப் படகு என்று பார்த்தால் மிர்ரருக்கு இணையாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

எது உளுத்திருக்கிறது என்று பார்ப்பது

ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பிளை கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடத்தில் சத்தம் மந்தமாகும். மந்தமான இடத்தில் நுனியை மெதுவாக அழுத்துங்கள், உள்ளே போனால் அங்கே மரம் இல்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: தட்டை அணியப் பலகையும் முன்தளமும் சேரும் மூலை, பாய்மர அடி உட்காரும் இடம், பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரவுட் கம்பிகளைப் பிடிக்கும் தகடுகளைச் சுற்றி, டாகர்போர்டு (படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை) செருகும் பெட்டியின் அடிவிளிம்பு, பக்கக் காற்றறைகளின் பின்மூலைகள், அமரப் பலகையில் சுக்கான் பூட்டும் திருகுகளைச் சுற்றி. அமரம் என்றால் பின்பக்கம். திருகு போன துளைகள் எல்லாமே நீர் உள்ளே போகும் வாசல்கள். மேலே பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் துளையின் உள்சுவரில் பூசப்படாத மரம் நேரே தண்ணீரைக் குடிக்கும்.

டேப்பையும் பாருங்கள். பழைய படகுகளில் டேப்பை ஒட்டியது பாலியஸ்டர் ரெசின். மரத்தின்மேல் அதன் பிடி எபாக்ஸி என்ற இருகலவைப் பசை அளவுக்கு உறுதியானதல்ல. ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினால் டேப் வரிசையாக உரிந்து வந்தால், வருகிற வரைக்கும் உரித்துவிடுங்கள். பாதி ஒட்டிய டேப்பின் அடியில் தேங்கும் ஈரம் வெறும் மரத்தைவிட மோசமாகக் கெடுக்கும்.

பின்சொருகும் ஈரமானி ஒன்று வாங்குவது வீண்செலவல்ல. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் பூஞ்சை வளரும். எபாக்ஸி தடவ 15 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், 12 என்றால் இன்னும் நல்லது. இங்கிலாந்துக் குளிர்காலத்தில் திறந்த கொட்டகையில் அது தானாக வராது. படகைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் கூடாரம் கட்டி, உள்ளே ஈரமுறிஞ்சும் கருவியைச் சில வாரங்கள் ஓடவிடுங்கள். மண்ணெண்ணெய் அல்லது கேஸ் அடுப்பை வைத்து உலர்த்த நினைக்காதீர்கள். எரியும்போது அதுவே நீராவியைக் கக்கும், மூடிய இடத்தில் மூச்சுக்கும் ஆபத்து.

மூன்றில் ஒன்று அடிப்பலகை, அமரப் பலகை, டாகர்போர்டு பெட்டி மூன்றும் உளுத்ததாக இருந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பாய்மரம், காஃப், பூம் (பாயின் அடிக்கட்டை), சுக்கான், டாகர்போர்டு, தகடுகள், கப்பிகள் எல்லாவற்றையும் கழற்றி மற்றப் படகுகளுக்கு வையுங்கள். மனதுக்கு வலிக்கும் வேலைதான். ஆனால் ஒரு படகைக் காப்பாற்றப் போய் இரண்டு பருவத்தை இழந்த கிளப்பில் வகுப்பு திரும்புவதில்லை.

எடை

வேலையைத் தொடங்கும்முன் ஒவ்வொரு உடலையும் தனியாக எடைபோடுங்கள். கொக்கித் தராசு ஒன்றில் இரண்டு பட்டைகளால் தொங்கவிட்டால் போதும். 60 கிலோ காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஈரம் போனதும் கொஞ்சம் குறையும். மீதி பெரும்பாலும் பெயின்ட். ஒரு லிட்டர் எனாமல் 10 முதல் 12 சதுர மீட்டர் பரவும். உள்ளும் புறமும் சேர்த்து ஒரு பூச்சுக்குக் காய்ந்தபின் அரைக்கிலோவுக்கு மேல் நிற்கும். நாற்பது வருடம், வருடம் ஒரு பூச்சு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே சுரண்ட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: 1960களின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் மெஷின் சாண்டர் போடாதீர்கள். வெப்பக் காற்றுத் துப்பாக்கியை மிதமான சூட்டில் வைத்து இளக்கிக் கூரிய சுரண்டியால் எடுங்கள், அல்லது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். முகமூடி அவசியம், பிள்ளைகளை இந்தக் கட்டத்தில் சேர்க்கக் கூடாது. அதிகச் சூடு ஒட்டையும் இளக்கிவிடும், எனவே பலகைகள் சேரும் டேப் மடிப்புகளின் மேல் துப்பாக்கியை நிறுத்தாதீர்கள்.

எந்தப் படகையும் 45.5க்கு அருகே கொண்டுவரப் பாருங்கள். ஆனால் மூன்றும் 49, 50, 50 என்று நின்றால் அதுவே போதுமான வெற்றி. ஒன்று 46, மற்றவை 54 என்று முடிந்தால் இலேசான படகில் ஈயக்கட்டி பூட்டிக் கிளப்புக்குள் ஈடுகட்டலாம், கனமான படகுகளை இன்னும் கொஞ்சம் சுரண்டவும் செய்யலாம்.

பலகை மாற்றுவதும் ஒட்டுவதும்

பிளைவுட் பிரிட்டிஷ் தர எண் 1088 முத்திரை உள்ள 5 மி.மீ. கபூன் (இலேசான மர வகை) பிளையாக இருக்கட்டும். ஒரு முழுத் தாள் 2440 க்கு 1220 மி.மீ., எடை 7 கிலோ அளவில். முத்திரையின் மேல் சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கொதிநீரில் ஒரு மணிநேரம் போட்டு, உலர்த்தி, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள் அடுக்கில் இடைவெளி இருக்கிறதா என்று வெட்டிய ஓரத்தில் பாருங்கள். மலிவுப் பிளையில் உள்ள அந்தப் பொந்துகள் நாளை நீர் ஓடும் குழாய்கள்.

உளுத்த இடத்தை அது முடிந்த இடத்தோடு நிறுத்தாமல், நல்ல மரத்துக்குள் இன்னும் 5 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட முன்னே போயிருக்கும். இணைப்பைச் சரிவாகச் சீவிச் சேர்க்க வேண்டும். கனத்துக்கு எட்டு மடங்கு சரிவு, அதாவது 5 மி.மீ. பலகைக்கு 40 மி.மீ. பழைய பலகையிலும் புதிய துண்டிலும் ஒரே அளவு சரிவு. பிளையின் அடுக்குகள் சீரான பட்டைகளாகத் தெரிந்தால் சரிவு சரி, பட்டைகள் வளைந்தால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது.

ஒட்டுவதற்கு எபாக்ஸி மட்டுமே. பழைய பாலியஸ்டர் மேல் நன்கு தேய்த்துவிட்டு எபாக்ஸி போடலாம், அது பிடிக்கும். எபாக்ஸியின் மேல் பாலியஸ்டர் போட்டால் நம்பிக்கையாகப் பிடிக்காது. இரண்டையும் கலந்து வேலை செய்யும் இடங்களில் இந்த வரிசை தவறித்தான் பல பழுதுகள் மறுவருடமே உரிகின்றன. கலவை விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டப்பாவில் உள்ளதைத் தராசில் அளந்து பின்பற்றுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரை, அதாவது ரெசினை இறுகவைக்கும் கலவையை, கூட்டினால் சீக்கிரம் காயாது, மெத்தென்று நின்றுவிடும். வேகமாகக் காயும் ஹார்ட்னருக்கும் கொட்டகையில் 10 டிகிரி செல்சியசாவது இருக்க வேண்டும், இரவிலும்.

வேலை வரிசை இப்படி: முதலில் வெறும் எபாக்ஸியை இரு முகங்களிலும் தடவி மரம் குடிக்க விடுங்கள். சில நிமிடம் கழித்து, சிலிக்காத் தூள் கலந்து தேன்போல் கெட்டியாக்கியதைப் பூசிச் சேர்த்து, நழுவாமல் இரண்டு சிறு திருகு போட்டு, மெழுகுத்தாள் வைத்துப் பலகையால் அழுத்துங்கள். பிடி வலுவாக வேண்டும் என்று கிளாம்பை முறுக்கினால் ஒட்டெல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் ஒன்றும் இல்லாமல் போகும். ஓரம் முழுக்க மெல்லிய கோடாகப் பிதுங்கினால் போதும்.

மடிப்புகளுக்கு, தூள் கலந்த எபாக்ஸியை நிலக்கடலை வெண்ணெய்ப் பதத்தில் வைத்து, ஐஸ்க்ரீம் குச்சியின் வட்ட முனையால் இழுத்து உள்மூலையை உருட்டுங்கள். அது இளக்கமாக இருக்கும்போதே 50 மி.மீ. அகல டேப்பை வைத்து, தூரிகையால் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடம் நனையாத இடம், கண்ணாடிபோல் மறைந்தால் போதுமான ரெசின். அதற்குமேல் ஊற்றுவது எடை மட்டுமே. சுமாரான பழுதுகளுக்கு ஒரு படகுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ எபாக்ஸியும், உரிந்த மடிப்புகளின் நீளத்துக்கு மேல் இரண்டு மீட்டர் கூடுதலாக டேப்பும் வாங்குங்கள். காய்ந்தபின் மேலே பிசுபிசுப்பான மெழுகுப் படலம் வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரும் நார்த்துண்டும் கொண்டு கழுவாமல் பெயின்ட் அடித்தால் பெயின்ட் நிற்காது. கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் அதோடு வேலை செய்ய முடியாது.

வெயிலின் புற ஊதாக்கதிர் எபாக்ஸியை அரிக்கும். அதனால் பெயின்ட்டோ வார்னிஷோ மேலே இருந்தே ஆக வேண்டும். வெளியே இரண்டு, உள்ளே மூன்று வார்னிஷ், அதோடு நிறுத்துங்கள்.

காற்றறைகள்

மிர்ரரில் முன், பின், இருபக்கம் என நான்கு காற்றறைகள் உண்டு. கவிழ்ந்தால் இவைதான் உயிர். ஒரு மூடியில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தி, வாயால் மெதுவாக ஊதிவிட்டு, சோப்பு நீரை மடிப்புகளில் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. கம்ப்ரஸர் வேண்டாம். 5 மி.மீ. பிளை காற்றழுத்தத்தில் எளிதாகப் பிதுங்கி நல்ல மடிப்பையும் கிழித்துவிடும். பெரும்பாலான கசிவுகள் மடிப்பில் இருக்காது, காய்ந்துபோன மூடி வளையங்களிலும் தகடுகளின் திருகுத் துளைகளிலும்தான் இருக்கும். தகடுகளைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி எபாக்ஸியால் அடைத்து, அதற்குள் மறுபடி சிறிதாகத் துளையிட்டுத் திருகினால் திருகு இனி மரத்தையே தொடாது. ஒரு மாலையில் முடியும் இந்த வேலை, படகின் ஆயுளை எதையும்விட அதிகம் நீட்டும்.

கரையோரத்தில் இடுப்பளவு நீரில் படகை நிரப்பி, இரண்டு பெரியவர்கள் உள்ளே அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒருபக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்க அறை கசிகிறது. பழைய மிர்ரர் நிமிர்ந்தபின் நிறையத் தண்ணீரோடு நிற்கும். அதனால் ஒரு வாளியைக் கயிற்றால் கட்டியே வைக்க வேண்டும்.

பாயும் கட்டைகளும்

வேகத்தில் பாதி இங்கே இருக்கிறது. பழைய பாய் கிழியாமல் இருப்பதால் நல்ல பாய் என்று ஆகிவிடாது. துணி இழுபட்டு, பாயின் வயிறு பின்னோக்கி நகர்ந்திருக்கும். அப்போது காற்று படகை முன்னே தள்ளாமல் பக்கமாகச் சாய்க்கும். காற்றை எதிர்த்து ஏறும்போது மற்றவர்கள் போகும் கோணத்தில் உங்களால் போக முடியாது. புல்வெளியில் விரித்து, மூலைகளை மெல்ல இழுத்துப் பாருங்கள். மடிப்பு நீங்கிய பிறகும் பின்விளிம்பு சுருங்கி உள்ளே வளைந்தால் அது பயிற்சிக்கு மட்டும். தையல்நூலை நகத்தால் சுரண்டுங்கள், வெயிலில் செத்த நூல் பொடியாகும். துணி நன்றாக இருந்து நூல் மட்டும் போயிருந்தால் மறுதையல் போதும்.

மொத்தத் திட்டத்தில் பெரிய செலவு புதிய பாய்தான். அதைத் தனித்தனியாக வாங்கவே கூடாது. ஐந்து படகுகளுக்கும் ஒரே பாய்த் தயாரிப்பாளரிடம் ஒரே வெட்டில் சேர்த்து ஆர்டர் கொடுங்கள். விலையில் பேரம் பேசலாம் என்பது சிறு லாபம். பாயினால் வரும் வேறுபாடு மறைந்து, ஓட்டுவதில் உள்ள வேறுபாடு மட்டும் மிஞ்சுவதே பெரிய லாபம். பணம் போதாவிட்டால் முதல் பருவத்தை எல்லோரும் பழைய பாயில் ஓட்டுங்கள், பாய்களைப் பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றிக்கொள்ளுங்கள்.

2000களில் நேரான ஒற்றைப் பாய்மரத்துக்கும் ஃபைபர் உடலுக்கும் வகுப்பில் இடம் கொடுக்கப்பட்டது. உங்கள் கிளப்பில் எல்லோரும் கண்டரிலேயே இருங்கள் என்பேன். நீண்ட பாய்மரம் தனிச்செலவு, பாதிப் பேர் மாற்றிப் பாதிப் பேர் மாற்றாவிட்டால் மறுபடி பழைய கதை.

கண்டரில் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். காஃப் பாய்மரத்தோடு இறுக்கமாக ஒட்டி நிற்க வேண்டும். காஃபையும் பாயையும் ஏற்றும் ஹாலியார்டு கயிறு இழுபட்டு நீண்டால் காஃப் இரண்டு மூன்று செ.மீ. இறங்கும், உச்சி பின்னே சாயும், பாயின் முன்விளிம்பில் சுருக்கம் விழும், பூம் தாழ்ந்து தலையில் இடிக்கும். பழைய நைலான், பாலியஸ்டர் கயிறுகளைத் தூக்கிப்போட்டு 4 அல்லது 5 மி.மீ. டைனீமா (எளிதில் நீளாத செயற்கைக் கயிறு) போடுங்கள். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கடிப்பானின் பற்கள் தேய்ந்திருந்தால் புதுக்கயிறும் நழுவும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். காஃபின் கவைப்பகுதி தேய்ந்து ஆடினால் தோல் துண்டு ஒட்டி நிரப்பலாம்.

சுக்கானின் தகடு மேலெழும்பும் வகை. அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு தளர்ந்தால் தகடு பின்னால் சாய்ந்து, சுக்கான்பிடி கை வலிக்கும் அளவுக்குக் கனக்கும். பிள்ளைகள் "காற்று அதிகம்" என்று சொல்வதில் பாதி இதுதான். 3 மி.மீ. டைனீமாவும் ஒரு நல்ல கடிப்பானும் அதைத் தீர்க்கும்.

பாய்மரச் சாய்வை எல்லாப் படகிலும் ஒன்றாக்க ஒரு எளிய வழி: நன்றாக ஓடும் படகை எடுத்து, மெயின் ஹாலியார்டில் அளவு நாடாவைக் கட்டி உச்சிவரை ஏற்றி, அமரப் பலகையின் மேல்நடுவுக்கு இழுத்து எண்ணைக் குறியுங்கள். ஜிப் என்ற முன்பாயும் ஷ்ரவுட்களும் ஓட்டும் இறுக்கத்தில் இருக்க வேண்டும். அதே எண்ணை மற்ற நான்கிலும் வையுங்கள். அந்த எண்ணை மார்க்கரால் ஒவ்வொரு படகின் உள்ளேயும் எழுதிவிடுங்கள்.

பந்தய நாள்

முதலில் காகிதம். பாயில் உள்ள எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பழைய படகுகளில் பாய் இடம் மாறியிருப்பது சகஜம். அளவுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் வகுப்புச் சங்கத்திடம் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். மறு அளவீடு தேவைப்பட்டால் ஐந்து படகுக்கும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, தனித் தொடக்கம். கிளப்புகள் புதிதாக வரும் வகுப்பைக் கலப்புப் பந்தயத்தில் சேர்த்துவிடும். அதில் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் எண்ணால் நேரத்தை வகுத்துச் சரிக்கட்டுவார்கள். மிர்ரருக்கு அந்த எண் 1390ஐ ஒட்டியும், அதைவிடப் பெரிய என்டர்பிரைஸ் வகைப் படகுக்கு 1120ஐ ஒட்டியும் இருந்து வந்திருக்கிறது. ஆண்டுதோறும் பட்டியல் திருத்தப்படுவதால் அந்த ஆண்டுக்குரியதைப் பாருங்கள். கணக்கு இது: ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கி எண்ணால் வகுக்க வேண்டும். மிர்ரர் 60 நிமிடத்தில் முடித்தால் திருத்திய நேரம் 43 நிமிடம் 10 நொடி. என்டர்பிரைஸ் அதே சுற்றை ஏறக்குறைய 48 நிமிடம் 20 நொடியில் முடித்தால்தான் சமம். தாளில் நியாயமாகத்தான் இருக்கிறது. நீரில் என்ன நடக்கும் என்றால், பெரிய படகுகளின் பாய்கள் மிர்ரரின் காற்றை மறைக்கும், அவை கரையேறிய பின் பத்து நிமிடம் பிள்ளைகள் தனியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அதற்குள் மாலைக் காற்றும் விழுந்துவிடும். மூன்று மிர்ரர் வந்தாலே தனித் தொடக்கம் தர வேண்டும் என்று கிளப் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். மற்றவர்களுக்கு மூன்று நிமிடம் முன்னால் விட்டால் போதும்.

ஒரே நீண்ட பந்தயம் வேண்டாம். பதினைந்து இருபது நிமிடப் பந்தயம், மதியத்துக்கு மூன்று. முதலாவதில் தொடக்கத்தைத் தவறவிட்டவருக்கு அடுத்தது உடனே காத்திருக்கும். சுக்கான் பிடிப்பவரும் ஜிப் பிடிப்பவரும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் இடம் மாறட்டும். இருவரும் சேர்ந்து 100 கிலோ அளவில் இருந்தால் படகு நன்றாக நடக்கும். ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும், அல்லது பதின்வயதினர் இருவர். பழைய உறுப்பினர்களில் அந்நாளில் மிர்ரர் ஓட்டியவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைப் பேச்சுக்கு அழைப்பதைவிடப் பிள்ளைகளோடு படகில் உட்காரவையுங்கள்.

ஓட்டும்போது முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது உட்காரும் இடம். தட்டை அணியம் என்பதால் அதிகம் முன்னே உட்கார்ந்தால் அது நீரை மண்வெட்டிபோல் தள்ளும், அதிகம் பின்னே போனால் அமரப் பலகை தண்ணீரை இழுக்கும். பின்னால் நீர் சலசலக்காமல் வழுவழுப்பாகப் பிரியும் இடம் வரும்வரை ஓரங்குலமாக நகர்ந்து பாருங்கள். மெல்லிய காற்றில் காற்றுமறைவுப் பக்கம் லேசாகச் சாய்த்தால் பாய் தன் வடிவில் தொங்கும், அடிமடிப்பும் கத்திபோல் நீரை வெட்டும். காற்று ஏறியதும் சமநிலைக்கு வந்துவிட வேண்டும். ஸ்பின்னக்கர் என்ற பெரிய முன்பாயை முதல் பருவத்தில் எடுக்கவே வேண்டாம்.

தேதி மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, பருவம் முழுவதற்கும் முன்பே அச்சிட்டு. அக்டோபரில் படகுகளைக் கவிழ்த்தால், ஜனவரிவரை உலர்த்தலும் சுரண்டலும், மார்ச்சில் ஒட்டு வேலை, ஏப்ரலில் பெயின்ட், மே முதல் வாரத்தில் மிதப்புச் சோதனை, இரண்டாம் ஞாயிறு பந்தயம் என்று நடக்கும். ஜூலையில் காரின் கூரையில் ஏற்றிப் பக்கத்துக் கிளப்புக்குப் போங்கள். அங்கேயும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கிடக்கும். உங்கள் நான்காவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும்.

ஒரு டப்பாவில் இவை எப்போதும் கரையில் இருக்கட்டும்: காற்றறை மூடிகள் நான்கு, ஷ்ரவுட் கட்டும் கயிறு பத்து மீட்டர், ஷேக்கிள் ஆறு, வளைய ஊசிகள் ஒரு கைப்பிடி, டைனீமா ஒரு சுருள், பாய் ஒட்டும் டேப், ஒரு இடுக்கி. கரையேறியதும் மூடிகளைத் திறந்து, அணியத்தைத் தூக்கி வைத்து நீரை வடித்து, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் தேநீருக்குப் போக வேண்டும். மூட வேண்டும் என்றால் நடுவில் ஒரு கட்டை கொடுத்துக் கூரைபோல் இழுத்துக் கட்டிய, இரு முனையும் திறந்த உறை. அந்தப் பழைய தார்ப்பாய்கள் மறுபடி படகின்மேல் ஏறக் கூடாது.